பேதி மருந்து என்று எழுதியிருந்தது

இந்த மாதக் கடைசியில் நான் இங்கிருந்து கிளம்புகிறேன். பயிற்சி அறையின் சாவி உங்களில் ஒருவரிடம் வரும். அலமாரியில் இருப்பவை: துணிப்பலகை ஒன்று, அதில் ஒட்டும் படங்கள் இரண்டு கட்டு, பஞ்சு அடைத்த குழந்தைப் பொம்மை, அளவுக்கோடு போட்ட சொம்பு, பாடத்தாள்கள். பொம்மையின் கழுத்தில் பஞ்சு குறைந்துவிட்டது, தலை ஒரு பக்கமாகச் சாயும். மற்றவை நல்ல நிலையில் இருக்கின்றன. எதை எந்த வகுப்பில் எடுக்க வேண்டும் என்பது பாடத்தாளிலேயே உண்டு.

அதில் இல்லாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் எல்லாரும் நர்ஸிங் முடித்து வந்திருக்கிறீர்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுத்துப் பழகியவர்கள். இந்த வேலையில் நீங்கள் தொடப்போவதில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போகிற ஒரு பெண், நீங்கள் போயிராத ஒரு கொட்டாயில், உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு குழந்தையைத் தொடுவாள். உங்களுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் இருப்பது நீங்கள் அவளுக்குக் கொடுத்தனுப்பிய சொல் மட்டும்தான்.

நான் இங்கே சேர்ந்தபோது ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். காய்ச்சல், கழிச்சல், புண், பிரசவம் பார்க்கிறவளின் கைச்சுத்தம் என்று பாடங்கள். எனக்கு முன்னால் இந்த வகுப்பை நடத்திய மூத்த சிஸ்டர் போகும்போது ஒன்று சொன்னார்: "ஆபத்து வந்தா இவங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது. அதனால மூளைக்குப் பாடம் எடுக்காத, நாக்குக்கு எடு." கேள்வி ஒன்று, பதில் ஒன்று, தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும் என்பது அவர் முறை. அந்த முறை எனக்கும் பிடித்திருந்தது. அதில் பலன் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கழிச்சல் பாடத்துக்கு உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த பொட்டலங்களை முதலில் நாங்களே செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தோம். பெயரில்லாத பொட்டலம். பிறகு பட்டணத்திலிருந்து, திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்களின் அலுவலகத்திலிருந்து, அச்சடித்த கவர்கள் வந்தன. பச்சை எழுத்து. மேலே பெரிதாக, 'பேதி மருந்து'. கீழே பொடியாக, எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்ற விவரம். பாடத்தாளும் அதற்கேற்ப மாறி வந்தது. கேள்வி: குழந்தைக்குத் தண்ணீராகப் போனால் என்ன கொடுப்பாய்? பதில்: பேதி மருந்து கொடுப்பேன்.

பேதி என்றால் கழிச்சல். பேதி என்றால், கழிய வைப்பதும்தான். நம் வீடுகளில் 'பேதிக்குக் கொடுத்தார்கள்' என்றால் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள் என்று அர்த்தம். இதை இப்போது படிக்கும்போது உங்களுக்கு உடனே தெரிகிறது. வகுப்பில் யாரும் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவில்லை, கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னால் அது ஆஸ்பத்திரிச் சொல். எல்லாரும் பதிலை ஒப்பித்தார்கள், எல்லாரும் தேறினார்கள்.

அந்தக் குழுவில் கெட்டிக்காரி பச்சியம்மாள். கம்பைநல்லூருக்கு மேற்கே ஒரு ஊர். அஞ்சாவது வரை படித்தவள், முப்பது வயதிருக்கும், களையெடுக்கப் போகிறவள். பயிற்சி முடித்துத் திரும்பியதும் ஊரில் 'பாக்கெட்டு டாக்டரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கணவனே, "டாக்டரம்மா, சோறு போடுவீங்களா, இல்ல அதையும் பாக்கெட்டுல குடுப்பீங்களா?" என்று கேட்பானாம். அவள் அதை வகுப்பில் சொல்லிச் சிரிப்பாள். கோபப்பட்டதில்லை.

ஒரு கோடையில் அந்தப் பக்கத்துக் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. தீர்த்தமலை போய்வந்தவர்கள் நோயைக் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் பேச்சு. கிணற்றுத் தண்ணீரில்தான் வந்தது என்பது என் எண்ணம். எப்படியோ, குழந்தைகளுக்குத் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. பச்சியம்மாள் வீடு வீடாகப் போய்ப் பாக்கெட்டுகளைக் கொடுத்தாள், கலக்கும் விதத்தைக் காட்டினாள். பெரும்பாலான குழந்தைகள் தேறின. பாக்கெட்டுகள் தீர்ந்ததும் ஒரு ஆளை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டர் தருமபுரியில் கூட்டத்துக்குப் போயிருந்தார், ஜீப்பும் அவரோடு போயிருந்தது. நான் ஒரு பை நிறையப் பாக்கெட்டும் இரண்டு சலைன் பாட்டிலும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

பச்சியம்மாள் நேராக என்னை மாதம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஊர்க் கடைக்கு எதிர்வீடு. இரண்டு வயதுப் பெண் குழந்தை, செல்வி. கண் குழிவிழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

"எத்தன நாளா?"

"மூணு நாளா போவுதுங்க நர்சம்மா. மொத நாளு இவ பாக்கெட்டு குடுத்தா. குடுத்ததும் நல்லாத் தேறுச்சுங்க, முழிச்சுப் பாத்து சிரிச்சா. அப்பறம் பாக்கெட்டு தீந்துபோச்சு."

"தீந்த பொறவு என்ன குடுத்தீங்க?"

"அதேதாங்க. பேதி மருந்து. பாய் கடைல கெடைச்சுது."

பச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். கடையில் அது கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும். மாதம்மாள் மாடக்குழியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்து நீட்டினாள். மூடியைத் திறக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. விளக்கெண்ணெய். பாதிக்கு மேல் காலி.

"எவ்ளோ குடுத்தீங்க?"

"நேத்து காலைல ஒரு பாலாடை, சாயங்காலம் ஒண்ணு. நிக்கலைங்க, இன்னும் சாஸ்தியா போவுது. இன்னிக்கு ரெண்டா குடுக்கலாம்னு இருந்தன். நீங்க வந்துட்டீங்க."

அவளைத் திட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் செய்ததை வரிசையாகப் பாருங்கள். பேதி மருந்து என்று ஒன்றைக் கொடுத்தார்கள். குழந்தை தேறியது. அது தீர்ந்தது. காலிக் கவரைக் கடைக்கு எடுத்துப்போய் இதே வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் கவரைப் படித்துவிட்டு, அதில் எழுதியிருந்ததைக் கொடுத்தார். பொறுப்பான தாய் செய்கிற காரியம். எங்கள் பாக்கெட்டு வேலை செய்யாமல் இருந்திருந்தால் அவள் எண்ணெய் வாங்கியிருக்க மாட்டாள்.

எதிர்க்கடையிலிருந்து பாயை அழைத்து வரச் சொன்னேன். நரைத்த தாடி, கணுக்காலுக்கு மேல் கட்டிய லுங்கி. குழந்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நானா ஒண்ணும் குடுக்கலீங்கம்மா. உங்க கவரத்தான் கொண்டாந்து காட்டுச்சு. கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாத்தன். பொடி எழுத்து தெரியல, மேல பெருசா பேதி மருந்துன்னு போட்டிருக்குது. பேதி மருந்துன்னா வெளக்கெண்ணெதானேங்க? வேற ஏதாச்சும் உண்டா?"

"இவங்க மட்டுந்தான் வாங்குனாங்களா?"

அவர் முகம் மாறியது. விரல் மடக்கி எண்ணினார். "நேத்து மட்டும் அஞ்சு வூடுங்க. எல்லாம் கவரோடதான் வந்தாங்க. ஆஸ்பத்திரி மருந்தாச்சேன்னு நல்ல எண்ணெயா பாத்து ஊத்திக் குடுத்தன்."

மாதம்மாளை விட்டால் நான்கு வீடுகள். அந்த ஊரில் வீடுகள் ஒரே தெருவில் இல்லை. அவரவர் நிலத்தில், கிணற்றடியில், கொட்டாய் போட்டு இருப்பார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரப்பும் மேடும்தான்.

அப்போது என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். செய்ய வேண்டியவை: செல்விக்கு சலைன் ஏற்றுவது, ஏற்றிய ஊசி நழுவாமல் பார்ப்பது, நான்கு வீடுகளில் எண்ணெயை நிறுத்துவது, அங்கே யாருக்காவது நிலைமை மோசமா என்று நானே பார்ப்பது. கடைசி இரண்டுக்கும் நான் போனால் முதல் இரண்டும் இல்லை. ஊசி ஏற்றத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். சொல்லைக் கொண்டுபோக வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் இருந்தேன். அந்த முடிவு சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரியான முடிவுக்குப் பிறகு எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் ஓடிப்போயி பேதி மருந்து குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துடறன்."

"நில்லுங்க. அப்படிச் சொன்னா நம்ம பாக்கெட்டையும் நிறுத்திருவாங்க."

"ஆமா இல்ல... அப்ப ஆஸ்பத்திரி பேதி மருந்தக் குடுங்க, பாய் பேதி மருந்தக் குடுக்காதீங்கன்னு சொல்லட்டுமா?"

"ஊரெல்லாம் என் பேர்ல மருந்து இருக்குதுன்னு ஆயிடும்" என்றார் பாய். அந்த நிலையிலும் மூன்று பேரும் ஒரு கணம் சிரித்துவிட்டோம். மாதம்மாள் சிரிக்கவில்லை.

ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. பேதி என்ற சொல்லும் மருந்து என்ற சொல்லும் இல்லாத வாக்கியம். "எண்ணெ வேணாம், தண்ணி குடுங்க. இது மட்டும் போதும். வேற எதுவும் சொல்ல வேணாம்" என்றேன். இருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். பையிலிருந்த பாக்கெட்டுகளைப் பங்கிட்டுக் கொடுத்தேன். பாய் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளை எடுத்தார். தூரத்து வீடு ஒன்று அவருக்கு. மற்ற மூன்றும் பச்சியம்மாளுக்கு.

ஊசி ஏற்றிய விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நரம்பு கிடைக்க நேரமாயிற்று. கிடைத்த பிறகு கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதம்மாள் பாலாடையில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். உச்சி வெயில் தாழ்ந்தபோது செல்வி மூத்திரம் போனாள். மாதம்மாளுக்கு அதில் என்ன சந்தோஷம் என்று புரியவில்லை. உடம்பில் தண்ணீர் தங்கத் தொடங்கிவிட்டது என்று நான் சொன்ன பிறகு அந்த ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பாய் முதலில் திரும்பினார். அந்த வீட்டில் எண்ணெயைத் தன் கையாலேயே கொட்டிவிட்டு, பாக்கெட்டைக் கலக்கிக் கொடுக்க வைத்துவிட்டு வந்திருந்தார். பச்சியம்மாள் வரும்போது முகமெல்லாம் காய்ந்து, உதடு வெடித்திருந்தது. "மூணு வூட்லயும் சொல்லிட்டங்க" என்று சொல்லி, குடத்திலிருந்து மொண்டு குடித்தாள். நான் போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தேன். செல்விக்கு மறுபடி போனது. உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டும் முன் செய்தி வந்தது. கடைசிக் கொட்டாயில், சின்னபொண்ணுவின் மூத்த மகன் போய்விட்டான். நான்கு வயது. நேற்றுவரை வரப்பில் ஓடிக்கொண்டிருந்தவன் என்று செய்தி கொண்டுவந்த ஆள் சொன்னார்.

பச்சியம்மாளிடம் கேட்டேன். "எண்ணெ வேணாம், தண்ணி குடுங்கன்னுதானே சொன்னீங்க?"

"அப்படித்தாங்க சொன்னன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "மொத ரெண்டு வூட்ல அப்படித்தான் சொன்னன்."

மூன்றாவது கொட்டாய்க்கு மேட்டைச் சுற்றிப் போக வேண்டும். அங்கே, கையிருப்பு தீரும் முன்பே அவள் கொடுத்த பாக்கெட்டு மீதம் இருந்தது. சொம்பில் கலக்கி வைத்திருந்ததையும் பார்த்திருந்தாள். எண்ணெயை நிறுத்தச் சொன்னால் போதும், பாக்கெட்டு கொடுக்க வேண்டியதில்லை. அதனால் கிணற்று மேட்டிலிருந்தே கைதட்டிக் கூப்பிட்டாள். சின்னபொண்ணு வெளியே வந்து என்ன என்று கை காட்டினாள். இவள் கூவினாள். சின்னபொண்ணு சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

என்ன கூவினாள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "பேதி மருந்து குடுக்காதீங்கன்னு கூவிட்டங்க."

வகுப்பில் நூறு முறை ஒப்பித்த சொல் அது. காலையில் நான் கொடுத்த வாக்கியத்துக்கு வயது அரை நாள்கூட இல்லை. அவள் நாக்கு அதற்குப் பழக்கியதைச் செய்தது. மூத்த சிஸ்டர் சொன்னது சரிதான். ஆபத்தில் நாக்குதான் பேசுகிறது. எதைப் பேசும்படி பழக்கினோம் என்பதை அவர் பார்க்கவில்லை, பட்டணத்து அலுவலகமும் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கவரை மாற்றச் சொல்லி நம் டாக்டர் பட்டணத்துக்குப் போய்ப் பேசினார். பேதி என்றால் கழிச்சல் என்று அகராதியில் இருக்கிறதே என்றார்களாம். அடுத்த வரியையும் படியுங்கள் என்று இவர் சொல்ல வேண்டியிருந்தது. புதுக் கவர் வந்தது, அதில் 'வயிற்றுப்போக்கு நிவாரணி'. அந்தச் சொல்லை இந்த மாவட்டத்தில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு இரண்டு அர்த்தம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அன்று முதல் ஒரு பாடத்தாள் வந்தால் நான் செய்வது இது. வகுப்பில் உட்காராத ஒரு பெண்ணிடம் அதைப் படித்துக் காட்டுவேன். 'புரிகிறதா' என்று கேட்க மாட்டேன், எல்லாரும் புரிகிறது என்பார்கள். 'இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க? தீர்ந்துபோனா எங்க போய், என்ன சொல்லி வாங்குவீங்க?' என்று கேட்பேன். பிறகு, அதைக் கொடுக்க வேண்டாம் என்று தூரத்திலிருந்து கத்த வேண்டி வந்தால் எப்படிக் கத்துவது என்று நானே சொல்லிப் பார்ப்பேன். அலமாரியில் உள்ள பாடத்தாள்களில் ஓரத்தில் சிவப்பு மையில் அடித்திருப்பவை அப்படி நின்றுபோனவை. அவற்றை மறுபடி எடுக்காதீர்கள்.

மறுநாள் காலை செல்வியை அவள் தாயிடம் ஒப்படைத்துவிட்டு நானும் பச்சியம்மாளும் அந்தக் கொட்டாய்க்குப் போனோம். வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். கேட்காமல் பின்னால் வந்தாள்.

அடக்கம் முடிந்திருந்தது. ஆண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னபொண்ணு பம்புசெட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள், மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அதன் துணி நனைந்திருந்தது. பக்கத்தில் விளக்கெண்ணெய்க் குப்பி இருந்தது. பாக்கெட்டு தீர்ந்தால் கொடுக்கலாம் என்று அதை வாங்கி வந்தாளே தவிர, அவள் திறக்கவே இல்லை. மூடியில் சுற்றிய துணி அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழவில்லை.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளும்மா."

"இவ வேணாம்னு சொன்னா. சொம்புல கலக்கி வெச்சிருந்தத வாசல்ல ஊத்திட்டன். ஆஸ்பத்திரில இருந்தே வேணாம்னு சொல்லி அனுப்பறாங்களே, ஏதோ ஆவாததுன்னு நெனச்சன். அப்பறம் பச்சத்தண்ணி குடுக்கக்கூட பயமாப் போச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டான். குடுக்கல." மூச்சு வாங்கினாள். "நான் கீழ ஊத்துன அந்தத் தண்ணி நல்லதா, கெட்டதா?"

மரத்தடியில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

கெட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும். பச்சியம்மாள் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருப்பாள். இரக்கமுள்ள யாரும் அதைத்தான் சொல்வார்கள். என் வாய்வரை வந்ததும் அதுதான். அவள் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தேன். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது; அதற்கும் உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

"நல்லது" என்றேன்.

சின்னபொண்ணு அழவில்லை. வாசலில், தண்ணீர் ஊற்றிய இடம் எதுவென்று தேடுவது போல, காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பச்சியம்மாளைப் பார்த்தாள்.

"நீ வேணாம்னுதானடி சொன்ன?"

"சொன்னன்" என்றாள் பச்சியம்மாள். "தப்பா சொல்லிட்டன்."

மரத்தடியிலிருந்து ஒரு ஆள் எழுந்தார், சின்னபொண்ணுவின் கணவனாக இருக்க வேண்டும். சின்னபொண்ணு அவரைக் கையமர்த்தினாள். குழந்தை மடியில் நெளிந்தது, அதற்கு மறுபடி போயிற்று. அவள் துணியை மாற்றினாள். மாற்றிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், அதே சொம்பைக் கழுவிக் கொண்டுவந்து பச்சியம்மாளின் முன்னால் வைத்தாள்.

"கலக்கு."

பச்சியம்மாள் உட்கார்ந்தாள். பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். கொதித்து ஆறிய தண்ணீரை நான் எடுத்துக் கொடுத்தேன். முன்பு தானே சொம்பில் போட்டுக் கொடுத்திருந்த கோடு வரைக்கும் ஊற்றினாள், கலக்கினாள்.

சின்னபொண்ணு சொம்பை வாங்கி முதலில் தானே ஒரு வாய் குடித்தாள். விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. பிறகு விழுங்கினாள். பாலாடையை எடுத்துக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனாள்.